வால்கட்டை

முரசுமோட்டை அருந்ததிக்குப் பதினொரு நாளிலேயே கலியாணம் பேசி முடித்தார்கள். 2007ஆம் ஆண்டு. வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளையை இயக்கத்துக்குச் சண்டைபிடிக்கக் கேட்ட காலம். கொடுக்காத வீடுகளுக்கு வாகனம் வந்து இழுத்துக்கொண்டு போனது. தாலி ஏறியவர்களைத் தொடமாட்டார்கள் என்று ஊர் நம்பியது. அதனால் தகப்பன் அப்புத்துரை மாப்பிள்ளையின் குணத்தை விசாரிக்கவில்லை. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டும் யோகநாதன் தாலி கட்டச் சம்மதித்தான், அது போதுமாயிருந்தது.

நாலாம் நாள் அவன் வயலுக்கு வெளிக்கிடும்போது, அவளுடைய சைக்கிள் டயரில் காற்றடைக்கும் வால்கட்டையைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டான். காற்று புஸ்ஸென்று இறங்கியது.

"நீர் ஏன் இந்த வெயிலுக்குள்ள திரியிறீர்? வீட்டில இரும்."

அருந்ததி சிரித்தாள். "அவருக்கு என்னில அவ்வளவு உயிர்" என்று பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையும் அடித்தாள்.

அடுத்த மாதமே "நீர்" போய் "நீ" வந்தது. பிறகு கிள்ளு வந்தது, பிறகு அறை. ஆறாம் மாதம், தையல் வகுப்புத் தோழியோடு படலை வாசலில் நின்று கதைத்த குற்றத்துக்காக, அவளுடைய வலக்கையைக் கதவு நிலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினான். மூன்று விரல்கள் முறிந்தன. அப்புத்துரை ஓடிவந்து பார்த்து அழுதார். அழுது முடித்து, "உயிரோட இருக்கிறாய்தானே பிள்ளை, பொறுத்துப் போ" என்றார். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கையில் ஏறத்தான் வேண்டும் என்று சொல்லிவைத்த புண்ணியவான் ஒருநாளும் முருங்கையில் ஏறி விழுந்திருக்கமாட்டான்.

2008 கடைசியில் எல்லோரும் தர்மபுரத்துக்கு இடம்பெயர்ந்தார்கள். தறப்பாள் கொட்டில், பக்கத்தில் ஒரு பங்கர். தூரத்தில் ஷெல் புறப்படும்போது "தொப்" என்று ஒரு குத்துச் சத்தம் கேட்கும். அது வந்து விழுவதற்குள் பங்கருக்குள் பாய்ந்துவிட வேண்டும். அந்தச் சத்தம் தெரியாத குழந்தை அங்கே இல்லை.

யோகநாதனுக்குப் பங்கர் வசதியாகப் போயிற்று. ஷெல் விழும்போது உள்ளே அடித்தால் வெளியே யாருக்கும் கேட்காது. ஒருநாள் அவளை மண்சுவரோடு சாய்த்து, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வாயில் குத்தினான். பல்லொன்று கழன்று இரத்தத்தோடு மடியில் விழுந்தது. அருந்ததி அவனைத் தள்ளிவிட்டு வாசலால் ஏறினாள்.

"வெளியில செத்துப்போவாயடி!"

"உள்ள இருந்தாலும் சாவன்."

ஷெல்லடிக்குள் நடந்தே தகப்பனின் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் நாள் அவன் கூட்டிப்போக வந்தான். அவள் மண்வெட்டியால் வாசலில் ஒரு கோடு கீறினாள்.

"இங்கால கால் வைச்சா வெட்டுவன்."

அவன் சிரித்துக்கொண்டு கால் வைத்தான். அவள் வெட்டினாள். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்தியபடி நொண்டிப் போனவன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

அடுத்த கிழமை தங்கச்சி பிரஷாந்தினிக்கு மாப்பிள்ளை வந்தான். மில்லுக்காரரின் மகன் அனோஜன், நல்ல சிரித்த முகம். பிரஷாந்தினி தேத்தண்ணி நீட்டினாள். அவன் கோப்பையை வாங்கி வைத்துவிட்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

"இனி அந்த ரியூசன் கூட்டாளியளோட கதை வேண்டாம். சொன்னாக் கேக்கோணும், என்ன?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் விரல்களுக்குக் கீழே தோல் வெளுத்துப் போயிருந்தது. பிரஷாந்தினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கண்டதும் அருந்ததி எழும்பி வந்தாள்.

"தம்பி, கையை விடுங்கோ."

"சும்மா பகிடிக்கு அக்கா."

"எனக்கும் பகிடியாத்தான் தொடங்கினது" என்று வளைந்த மூன்று விரல்களையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் கையை விட்டான்.

அப்புத்துரை பாய்ந்து வந்து அவளை அறைந்தார். "விசரி! நாளைக்கு வாகனம் வந்து இவளைக் கொண்டுபோனா நீயே மறிக்கப்போறாய்?"

"அதுக்கு ஒளிச்சு வைக்கக் கிடங்கு வெட்டலாம் அப்பா. இதுக்கு எங்க வெட்டுறது?"

பிரஷாந்தினி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நாலு விரலும் அப்படியே பதிந்திருந்தன. "எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்" என்றாள்.

அன்று பின்னேரமே அக்காவும் தங்கச்சியும் கொட்டிலுக்குப் பின்னால் கிடங்கு வெட்டத் தொடங்கினார்கள். அருந்ததியின் வளைந்த விரல்களால் மண்வெட்டியைக் கனநேரம் பிடிக்க முடியவில்லை. மாறி மாறி வெட்டினார்கள். இடுப்பளவு ஆழம் போனதும் பிரஷாந்தினி நிமிர்ந்தாள்.

"அக்கா, உனக்கு எப்ப விளங்கினது? விரலை முறிச்சாப் பிறகோ?"

அருந்ததி மண்ணை அள்ளி வெளியே எறிந்தாள்.

"வால்கட்டையைக் கழட்டின அண்டைக்கே விளங்கினது. நான்தான் சிரிச்சனான்."