பேசுகிற குழந்தைக்குப் பேச்சு வரவில்லையாம்

எங்கள் மாடி போர்ஷன் குழந்தைக்குப் பேச்சு வரவில்லையாம். சொன்னவர் ஒரு மிஸ். நகைச்சுவையை எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் மன்னிக்கவும், இந்த வாரம் எனக்கு எரிச்சல் தலைக்கு மேல்.

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் விமலா. மகள் அனுவுக்கு இரண்டரை வயது. போன மாதம் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ரீ-கே.ஜி. இன்டர்வியூ. விமலாவின் கணவர் சேகருக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போனேன்.

மிஸ் ஓர் அட்டையைக் காட்டினார். காக்கா படம். "வாட் இஸ் திஸ்?"

"பறந்துடுச்சு" என்றாள் அனு.

அடுத்து பந்து. "உருண்டு போச்சு." அடுத்து ஒரு டம்ளர் பால். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "குடிக்க மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிஸ் சிரிக்கவில்லை.

"ஒண்ணுக்குக்கூட பேர் சொல்லத் தெரியலையே மேடம். ஸ்பீச் வரலை. கொஞ்சம் ஸ்லோ. வீட்ல தமிழை நிறுத்திடுங்க. ஒவ்வொரு வார்த்தையா இங்கிலீஷ்ல சொல்லிக் குடுங்க. அப்புறமா கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்."

ஸ்பீச் வரவில்லையா? காக்காவைக் காட்டினால் அது என்ன செய்தது என்று சொல்கிற குழந்தைக்கா?

இந்தப் பெண் பேசக் கற்றுக்கொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். நாமெல்லாம் "பாப்பா சாப்டுச்சா?" என்று கேட்கிறோம் இல்லையா... அதனால் முதலில் "நான் சாப்டுச்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளாகவே "நான் சாப்டேன்" என்றாள். அப்புறம் "சாப்டுட்டேன்". பிறகு கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, அதட்டலாக, "சாப்டுட்டேன்ல?" ஒரே வார்த்தைக்கு வால் மேல் வாலாக ஒட்டிப் பார்த்தாள். எந்த வால் எங்கே ஒட்டும் என்று யார் அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள்? நாங்கள் பேசினோம். அவள் காதில் விழுந்தது. அவளே பிரித்தாள், அவளே சேர்த்தாள். இவ்வளவு வேலை நடந்துகொண்டிருக்கிற இடத்தில் வந்து கடையை மூடு என்று சொல்ல இவர்கள் யார்?

சேகரிடம் கேட்டேவிட்டேன்.

"அக்கா, இதெல்லாம் பத்திரிகைல எழுத நல்லா இருக்கும். இங்கிலீஷ் வராம ஆபீஸ்ல தலை குனிஞ்சு நின்னவன் நான். என் பொண்ணு அப்படி நிக்கக் கூடாது" என்றார்.

அவர் வலி எனக்குப் புரியாமல் இல்லை. இங்கிலீஷ் வேண்டாம் என்றா சொன்னேன்? அது பாட்டுக்கு வரட்டுமே. அதற்கு வழிவிட, வாயிலிருக்கிற பேச்சைப் பிடுங்கிப் போட வேண்டுமா?

போட்டார்கள். மறுநாளிலிருந்து மாடியில் "மில்க்", "கம்", "சிட்". விமலா தமிழ் மீடியத்தில் படித்தவள். தெரிந்த இங்கிலீஷ் தீர்ந்ததும் அவளுக்குப் பேச்சும் தீர்ந்துவிடும். நாளெல்லாம் வளவளவென்று பேசுகிறவள், பெற்ற மகளிடம் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அனுவும் மெல்லப் பேச்சைக் குறைத்தாள். கையைக் காட்டினாள், புடவையைப் பிடித்து இழுத்தாள், அழுதாள். கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். விமலா வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஏரியில் இறங்கிவிட்டு மேலே வர மறுத்த எருமையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில். தன் சொந்த வீட்டில், திருடியைப் போல, ரகசியக் குரலில்.

"அப்புறம் வீட்டுக்குப் போயிடுச்சா?" என்றாள் அனு. எத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன் அந்தக் குரலை.

கீழே சேகரின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

அனு எழுந்தாள். இரண்டு கைகளாலும் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"பேசாதம்மா. அப்பா வந்துட்டாரு."

ஒரு குறை சொல்ல முடியாது அந்தப் பேச்சில். போதுமா, மிஸ்?