ரோனா விட்டுக்கொடுத்த பந்து

கிர்க்ஹெய்வன் கடற்கரையில் காற்றில்லாத நாள் அபூர்வம். அப்படி ஒன்று வந்துவிட்டால் ரோனா மெக்கெச்னிக்குக் கை ஓடாது, கால் ஓடாது. காற்று அடித்தால்தான் அவளுக்கு கோல்ஃப் ஆட்டமே வரும். துறைமுகத்து மீன் கொட்டகையில் ஹாடாக் மீனை ஜோடி ஜோடியாக வாலில் கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவது அவள் வேலை. வேலை முடிந்த கையோடு மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவாள். "உன்கூட ஆட வந்தா ஊர்ப் பூனையெல்லாம் பின்னாலயே வருதுடி" என்பான் அவள் புருஷன் டூகல். அவனை அவள் ஒரு நாளும் ஜெயிக்க விட்டதில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவனுக்கு.

மைதானம் ஊருக்குப் பொது. யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஆனால் அதன் ஓரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறதே ஒரு கல் கட்டடம், அந்த கிளப்பில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம். பெண்கள் பக்கத்தில் இருக்கிற தகரக் கொட்டகையில் ஈரக் கோட்டை உதறிவிட்டு, தாங்களே டீ போட்டுக் குடித்துக்கொள்ள வேண்டும். இதென்ன அநியாயம் என்று ரோனாவும் அவள் கூட்டமும் கேட்டுக் கேட்டு வாய் வலித்து, கடைசியில் அந்த வருடம்தான் ஒரு வழி பிறந்தது. பெண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அக்டோபரில் ஓட்டெடுப்பு.

அதே வருடம் ஜூலையில் எங்கள் மைதானத்துக்கு ஓப்பன் என்கிற பெரிய கோல்ஃப் போட்டி வந்து சேர்ந்தது. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் எங்கள் பேக்கரி வாசலில் சாசேஜ் ரோலுக்கு வரிசையில் நின்றார்கள். கூட்டம் என்றால் கூட்டம், அப்படியொரு கூட்டம்!

ஓப்பனில் ஒரு வழக்கம் உண்டு. முதல் இரண்டு நாளில் பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள். மிஞ்சியவர்கள் சனிக்கிழமை இரண்டிரண்டு பேராக இறங்குவார்கள். மிஞ்சியவர்கள் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிட்டால், கடைசி இடத்தில் இருப்பவன் காலையில் முதல் ஆளாகத் தனியே இறங்க வேண்டும். அவனுக்குத் துணையாக உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே ஆடிக்கொண்டு அவனுடைய அடிகளை எழுதுவார். உள்ளூர்க்காரரின் ஆட்டம் கணக்கில் சேராது. அந்த இடம் ஊர்க் கோப்பையை ஜெயித்தவருக்கு என்று கிளப் எப்போதோ விதி எழுதி வைத்திருந்தது. கோப்பை ரோனா வீட்டு அலமாரியில் இருந்தது.

கிளப்பின் தலைவர் ட்ரம்மண்ட் ஓய்வு பெற்ற வக்கீல். சிரித்தால் பல் கொட்டிவிடும் என்று பயப்படுகிறவர் போல இருப்பார். கமிட்டியில் அவர் எழுந்து நின்று சொன்னதை மறுநாளே ஊரெல்லாம் பேசியது.

"விதி விதிதான். அந்தம்மா ஆடட்டும். ஆனா உலகமே பாக்கற இடத்துல அவங்க ஏதாவது சொதப்பினாங்கன்னா, அக்டோபர்ல யாரும் எங்கிட்ட வந்து கெஞ்ச வேணாம்."

இது காதுக்கு வந்தபோது ரோனா மீன் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டின முடிச்சை இன்னும் இறுக்கினாள். வெள்ளிக்கிழமை மாலை, கடைசி ஆட்டக்காரனின் கடைசிப் பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. அதோடு அவனும் கழிந்துபோக, மிஞ்சியவர்கள் ஒற்றைப்படையானார்கள். தகரக் கொட்டகையில் பெண்கள் போட்ட கூச்சலில் கடல்காக்கைகள் கலைந்து பறந்தன.

சனிக்கிழமை காலை அவளோடு இறங்கியவன் ஃபின்டன் க்ரீகன் என்ற அயர்லாந்துப் பையன். வெளிறிய முகம், தூக்கமில்லாத கண். அவளுக்குக் கை கொடுத்தான், அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அவன் பந்தும் அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முதல் நான்கு குழிகளில் மூன்றைச் சொதப்பினான். ரோனாவின் பையைத் தூக்கி வந்த டூகல் அவள் காதோரம் குனிந்தான்.

"இவன் மூஞ்சியப் பாரு. கப்பல் கவுந்தவன் மாதிரி இருக்கான். நீ நல்லாத்தான் ஆடற. அவனைத் தோக்கடிச்சிடாத, பாவம்."

"நீ வாயை மூடிட்டு மட்டையக் குடு."

கூட்டத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே ட்ரம்மண்ட் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். எதற்கு வருகிறார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

ஐந்தாவது குழி கடலை ஒட்டியது. எதிர்க்காற்று. ஃபின்டன் தூரத்திலிருந்து உருட்டிய பந்து மேடேறி, வளைந்து, குழிக்கு ஒரு செருப்பு நீளம் முன்னால் நின்றது. அன்றைக்கு அவன் அடித்ததில் அதுதான் உருப்படியான அடி. ரோனாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

இங்கே எங்கள் ஊர்ப் புத்தியைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் மொத்த அடிகளைக் கூட்டி ஆடுகிறவர்கள் இல்லை. ஆளுக்கு ஆள், குழிக்குக் குழி மோதல்தான். எதிராளியின் பந்து குழியருகே போய் நின்றுவிட்டால், "போதும், எடுத்துக்கோ" என்று, விழுந்ததாகவே கணக்கு வைத்து, மட்டையாலேயே அவன் பக்கம் தள்ளிவிடுவோம். அவ்வளவு கிட்டே நிற்கும் பந்தைப் போய் உருட்டு என்று சொன்னால் அவமானம். அண்ணன் தம்பியே பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

"போதும் தம்பி, எடுத்துக்கோ" என்றாள் ரோனா. மட்டையின் பின்புறத்தால் பந்தைத் தட்டி அவன் காலடிக்கு அனுப்பினாள்.

கூட்டம் மூச்சை இழுத்தது. ஓப்பனில் ஒவ்வொரு பந்தும் குழியில் விழுந்தே ஆக வேண்டும். அது அவளுக்குத் தெரியாததில்லை. கை பழகிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

ஐயோ, போச்சு! பையனுடைய ஆட்டமும் போச்சு, அக்டோபரும் போச்சு. தகரக் கொட்டகைப் பெண்கள் அத்தனை பேரின் கனவிலும் மண்ணைப் போட்டாயிற்று. டூகல் மெல்லக் கேட்டான், "வீட்டுக்குப் போயிடலாமா?"

நடுவர் ஓடி வந்தார். விசாரித்தார். "பந்தைத் தொட்டது ஆட்டக்காரர் இல்ல. அதனால அவருக்குத் தண்டனை கிடையாது. இருந்த இடத்துலயே வச்சு ஆடட்டும்" என்றார்.

ரோனா ஃபின்டனிடம் போனாள். "மன்னிச்சுக்கப்பா. புத்தி கெட்டுப்போச்சு எனக்கு."

அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றே நினைத்தாள். பார்த்தால், சிரிக்கிறான்! கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான்.

"எங்க ஊர்லயும் இப்படித்தாங்க. எங்கப்பா பாத்துட்டிருந்தா இப்ப டீவிக்கு முன்னாடி கை தட்டியிருப்பாரு. ஓப்பன்ல எனக்கு ஒருத்தர் பந்து விட்டுக்குடுத்துட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லுவேன், பாருங்க."

சிரித்த கையோடு பந்தைக் குழியில் தள்ளினான். அதற்குப் பிறகு அவன் வேறு ஆள். பேசிக்கொண்டே வந்தான், டூகலின் சாண்ட்விச்சில் பாதியைப் பிடுங்கித் தின்றான், பந்தும் அவன் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. ரோனாவுக்கு உயிர் வந்தது. ஆனாலும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கடைசிக் குழியில் ஃபின்டன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கடைசி இடத்திலிருந்து எவ்வளவோ பேரைத் தாண்டி மேலே ஏறியிருந்தான். அவன் அடிகளை எழுதிய அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ரோனா வெளியே வந்தால், ட்ரம்மண்ட் நிற்கிறார்.

"சொல்லுங்க சார்" என்றாள். "அஞ்சாவது குழிதானே? என் மேல தப்பு. என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். எங்க மத்தப் பொண்ணுங்களை அதுக்குத் தண்டிச்சிடாதீங்க."

ட்ரம்மண்ட் தொண்டையைக் கனைத்தார்.

"அங்க எனக்குப் பக்கத்துல லண்டன்காரன் ஒருத்தன் நின்னான். 'இந்தம்மா எங்கிருந்து வந்திருக்கு, இதுகூடத் தெரியாதா?'ன்னு கேட்டுச் சிரிச்சான். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. 'எங்க கிளப் ஆளுய்யா அது! நான் அங்க நின்னிருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்'னு கத்திட்டேன்." கைத்தடியால் புல்லைக் கிளறினார். "எங்க கிளப் ஆளுன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது."

அழுதுவிடக் கூடாது என்று ரோனா கடலைப் பார்த்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க நாலு பேர் ஆட்டத்துல ஒரு ஆள் குறையுது. வர்றீங்களா?"

"ஓட்டு அக்டோபர்லதானே சார்?"

"ஓட்டு அக்டோபர்லதான். ஞாயித்துக்கிழமை அதுக்கு முன்னாடியே வருதே."

ரோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வரேன். ஆனா ஒண்ணு, உங்களுக்கெல்லாம் ஒரு பந்துகூட விட்டுத்தர மாட்டேன்."