ரீச்சரின் பழைய நம்பர்

மோர்டனில் அந்த வீட்டுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது, சாமான்களெல்லாம் அகற்றப்பட்ட முன்னறையில் ஒரு மரக் கதிரையும் அதன்மேல் பழுப்பு நிறத் தொலைபேசியும் மட்டும் இருந்தன. பக்கத்தில் ரீச்சர் நின்றார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். புலம்பெயர்ந்து வந்து பல வருடங்களாக இங்கே மகளோடு இருந்தார். வீட்டைத் திருத்திக் கட்டும்போது அறைகளுக்கு இன்டர்நெட் வயர் இழுக்க மகள் என்னைக் கூப்பிட்டிருந்தார். "பழைய போன் லைனைக் கழட்டி எறியுங்கோ அண்ணை, ஒருத்தரும் பாவிக்கிறேல்லை" என்றார் மகள். அவர் மாடிக்குப் போகும்வரை பொறுத்திருந்து ரீச்சர் சொன்னார்: "அதிலை கை வையாதேங்கோ தம்பி. என்ரை மகனுக்கு இந்த நம்பர் மட்டுந்தான் பாடம்." ஊரில் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர் அந்த மகன்.

நான் வாக்குக் கொடுத்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையே, வயர் பதிக்கச் சுவரை வெட்டியபோது, பூச்சுக்குள் கிடந்த பழைய லைனும் அறுந்தது. பொருத்தச் சாமான் கையில் இல்லை. திங்களன்று சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். நான் வேலை முடித்து வெளிக்கிடும்போது ரீச்சர் கேட்டார்: "லைன் இருக்குத்தானே?"

"ஓம் ரீச்சர், இருக்கு."

அவர் தினமும் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திங்கள் காலை கதவைத் திறந்தவர் என்னை ஏசவில்லை. மகளிடமும் சொல்லியிருக்கவில்லை, சொன்னால் அதோடு லைனையே கழற்றிவிடுவார் என்ற பயம். நான் வயரைப் பொருத்தி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு கேட்டார்: "வயர் அறுந்து கிடக்கேக்கை, அங்கையிருந்து கோல் பண்ணுற ஆளுக்கு என்ன கேக்கும்?"

தொழில்காரனின் பழக்கத்தில் யோசிக்காமல் உண்மையைச் சொன்னேன். "மணி அடிக்கிற மாதிரித்தான் கேக்கும். இங்கைதான் அடிக்காது."

ரீச்சர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "அப்ப, அம்மா போனைத் தூக்கேல்லை எண்டு நினைச்சிருப்பான்."

அவரைத் தேற்ற என்னிடம் ஒரேயொரு பதில்தான் இருந்தது: உங்கள் மகன் உயிரோடு இல்லை, ஆகவே கூப்பிட்டிருக்க மாட்டார். அதை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? சுத்தியலையும் துளைக்கருவியையும் பைக்குள் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன குளிர்காலத்தில் ரீச்சர் காலமானார். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமைகளில், "வீட்டிலை போனடியிலை ஆரும் நிக்கினமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம். மறதி வந்துவிட்டது என்று செத்தவீட்டில் மகள் என்னிடம் சொன்னார்.

"ஓம், வயசு போனால் அப்பிடித்தான்" என்றேன்.