கற்பூரத்தை அணைக்காதவன்

ஒரு கற்பூரக் கட்டியை அணைக்க எவ்வளவு நேர்மை வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்? உள்ளங்கையால் ஓங்கி அடித்தால் அணையும். திருடன் அடித்தாலும் அணையும், நீதிபதி அடித்தாலும் அணையும். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும், அடுத்தவன் கையில் தட்டைக் கொடுத்துவிட்டு வாயைத் திறந்து வேடிக்கை பார்ப்பீர்கள். அப்படி வேடிக்கை பார்த்த ஓர் ஊர்தான் செம்பியனின் ஏழு வருஷத்தைத் தின்றது.

அந்த ஊர் பண்ருட்டிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்தப் பெருமை அதற்கு எதற்கு?

சாமி பெயர் வைக்க மாட்டேன் என்று சொந்தபந்தத்தோடு மல்லுக்கட்டி அப்பா வைத்த பெயர் செம்பியன். அப்பாவின் பிடிவாதம் பெயரோடு சேர்ந்து பிள்ளைக்கும் வந்தது. சிவகுரு முதலாளியின் முந்திரி மண்டியில் மூட்டை தூக்கினான். மூட்டை சரிந்து ஒருவனுக்குக் கால் முறிந்தபோது, ஆஸ்பத்திரிக்கு வண்டி வரும்வரை ஒரு மூட்டையும் நகராது என்று எல்லோரையும் உட்கார வைத்தான். வண்டி வந்தது. முதலாளியின் கண்ணில் அவன் முள்ளாகத் தைத்ததும் அன்றுதான்.

அதே வாரம் மண்டியின் கிடங்கு எரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காவல்காரன் காத்தவராயன் கரிக்கட்டையானான். போலீஸ் வருவதற்கு முன்பே மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடிவிட்டது. மண்டி மேஸ்திரி ராஜமாணிக்கம் முன்னால் வந்து நின்றான். செம்பியனின் மனைவி பவானிக்குக் கூடப் பிறந்த அண்ணன். "எந் தங்கச்சி புருசன், மண்ணெண்ண கேனோட போனத எங் கண்ணால பாத்தேன்" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை வலது கையால் ஓங்கி அடித்து அணைத்தான். ஊர் சிலிர்த்தது.

தட்டு செம்பியனிடம் வந்தது.

"கற்பூரம் யாரு அடிச்சாலும் அணையும்யா" என்றான் அவன். "எங்க நின்னு பாத்தான், எத்தினி மணிக்குப் பாத்தான், இருட்டுல எப்பிடி அடையாளம் தெரிஞ்சுது, அதக் கேளுங்க."

ஒருவரும் கேட்கவில்லை. "ஆத்தாளுக்குப் பயந்துகினு அணைக்க மாட்றான் பாரு" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். தீர்ப்பு முடிந்தது. காத்தவராயனின் மனைவி ராசம்மாள் மண்ணை வாரி அவன் முகத்தில் தூற்றினாள்.

நீதிமன்றத்தில் கற்பூரம் சாட்சியாகாது. ஆனால் கற்பூரத்தைப் பார்த்தவர்கள் சாட்சியானார்கள். வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கியவர்களெல்லாம் கூண்டில் ஏறி, அவன் ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பொய் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. சாமி ஏற்கெனவே தீர்த்துவிட்ட விஷயத்துக்கு ஒத்தாசை செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

ஏழு வருஷம் கழித்துக் கேப்பர் மலை ஜெயிலிலிருந்து வெளியே வந்தவனுக்கு ஊர் ஒரு டம்ளர் தண்ணீர் தரவில்லை. செம்மங்குப்பத்துத் தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போனான். போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். திட்டக்குடிப் பக்கம் கட்டட வேலைக்குப் போனான். யாரோ அடையாளம் கண்டுகொள்ள, மறுநாள் அவன் மண்வெட்டியை வேறொருவன் பிடித்திருந்தான். கடைசியில் கடலூர் ஓல்டு டவுன் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலை கிடைத்தது. ஐஸ் யாருடைய கடந்த காலத்தையும் விசாரிப்பதில்லை.

ஜெயிலுக்குச் சொற்பொழிவு செய்ய வந்தவர்கள் எல்லோரும் மன்னிக்கச் சொன்னார்கள். பொய் சொன்னவனிடம் போய் உண்மையைச் சொல் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. செம்பியன் மன்னிக்கவில்லை. கத்தியும் தீட்டவில்லை. அவனுக்கு வேண்டிய பழி வேறு. அதே கூட்டம், அதே முகங்கள், நடுவில் ராஜமாணிக்கம். அன்று யாரும் கேட்காத கேள்வியை இன்று கேட்க வேண்டும், அவன் வாயால் பதில் வர வேண்டும். ஐஸ் கட்டியின் மேல் விழுந்த ஒவ்வொரு அடியும் அந்தக் கேள்வியின் மேல்தான் விழுந்தது.

துறைமுகத்துக்குக் கேமராவோடு வந்தாள் கயல்விழி. சிதம்பரத்துப் பெண். சினிமாப் படிப்பை முடித்துவிட்டு, எந்தக் கம்பெனியும் எடுக்காத படத்தைச் சொந்தமாக எடுப்பேன் என்று கிளம்பியவள். அவனுடைய கறுத்து வெந்த உள்ளங்கைகளைப் பார்த்து, "என்னண்ணா ஆச்சு?" என்றாள்.

"முந்திரி ஓட்டு எண்ண. சின்னப்புள்ளைல கொட்ட ஒடச்சது. பட்டா தோலு வெந்துடும். சாம்பல் தடவிக்கணும், எங்கூட்ல அடுப்பு எரிஞ்சாத்தான சாம்பல்?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் ஆரம்பித்த பேச்சு ஒரு படமாக முடிந்தது. ஜெயிலிலிருந்து வந்தவனாகச் செம்பியனே நடித்தான். சண்டை இல்லை, பாட்டு இல்லை. முதல் காட்சியே அவன் முந்திரிக்கொட்டை உடைப்பதுதான். அது முடிகிற வழியாக இல்லை.

சிதம்பரத்தில் ஒரு தியேட்டரில் ஒரே ஒரு காலைக் காட்சி கிடைத்தது. நம்ம ஊர்க் கதை என்று கேள்விப்பட்டு ஊரே இரண்டு வேனில் வரக் கிளம்பியது. ராஜமாணிக்கம் வருவானா என்பதுதான் செம்பியனின் கவலை.

"அண்ணன நான் கூட்டியாறேன்" என்றாள் பவானி. வழக்கு நடந்த நாளிலிருந்து அண்ணன் வாசலை மிதிக்காதவள். அன்று போய் நின்று, "படத்துக்கு வா" என்று மட்டும் சொன்னாளாம். பழி வாங்குவதில் அவள் புருஷனுக்கு இளைத்தவளில்லை.

விளக்கு அணைந்தது. செம்பியன் ஓரத்து நாற்காலியில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவன் பார்க்க வந்த படம் மூன்றாவது வரிசையில் இருந்தது. பவானிக்குப் பக்கத்தில் ராஜமாணிக்கம். இளைத்துப் போயிருந்தான். பக்கவாதத்தில் விழுந்த வலது கையை மடியில் ஒரு பொட்டலம்போல வைத்திருந்தான்.

படம் ஓடியது. பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள்.

"டேய், படம் நின்னுடுச்சாடா?"

"நிக்கல மச்சான். கொட்ட ஒடைக்கிறாரு."

"இன்னுமாடா?"

"ஆப்பரேட்டர் அண்ணே, எங்களுக்கும் ஆளுக்கு நாலு குடுங்கண்ணே, வறுத்துத் தின்னுட்டாவது பாக்குறோம்!"

தியேட்டரே சிரித்தது. மேலவீதியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஜெயில்லேந்து வந்தவன் ஒருத்தனையாவது வெட்ட வேண்டாமோ? டிக்கெட் வாங்கிண்டு வந்திருக்கோமே!" என்றார். ஊர்க்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. திரையில் அவன் கதவு கதவாகத் தட்டித் தண்ணீர் கேட்டபோது, அது தங்கள் கதவு என்று அவர்களுக்குத் தெரிந்தது. யாரோ இருமினார்கள். யாரோ எழுந்து வெளியே போய், வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கோயில் வாசலில் தனியாக உட்கார்ந்து அவன் கற்பூரம் ஏற்றுகிறான். "நாந்தான் இந்த ஜில்லா கலெக்டர்." அடிக்கிறான், அணைகிறது. மறுபடி ஏற்றுகிறான். "எனக்கு வயசு பன்னெண்டு." அணைகிறது. "சூரியன் மேற்கால மொளைக்குது." அணைகிறது. "கிடங்குக்குத் தீ வெச்சது நாந்தான்." அணைகிறது. "நான் இல்ல." அதுவும் அணைகிறது.

பையன்கள் விசிலடித்தார்கள். "சாமி சமாச்சாரத்துல வெளையாடக் கூடாதுமா!" என்று பெரியவர் எழுந்து, ஓரத்தில் கேமராவோடு நின்ற கயல்விழியைப் பார்த்துக் கத்தினார். திரை முழுக்க ஒரு வலது கை எழுந்து கற்பூரத்தின்மேல் விழுந்தது. ஊர்க்காரி ரத்தினம்மாள் அதைப் பார்த்தாள். பக்கத்து வரிசையில் ராஜமாணிக்கத்தின் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள்.

"அய்யய்யோ, இந்தக் கைதானடி! அன்னிக்கு அணைச்ச கை இதுதானடி!"

அலறியவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். தலைமுடி அவிழ்ந்தது. உடம்பு முறுக்கியது. "நான் கேட்டேன்டா! எம்முன்னால பொய் சொன்னவன் கைய நாந்தான்டா எடுத்தேன்!"

தியேட்டரில் மாரியம்மன் இறங்கிவிட்டாள். ஆப்பரேட்டர் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டான். பையன்கள் செல்போனைத் தூக்கினார்கள். ஊர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு செம்பியனைச் சுற்றி வந்துவிட்டார்கள். "நீ உத்தமன்யா! ஆத்தாளே சொல்லிட்டா! நாங்கதான் பாவிங்க!" கூண்டில் ஏறிப் பொய் சொன்ன ஒருவன் அவன் காலைத் தொட்டான்.

ஜெயிலில் ஏழு, வெளியே ஐந்து என்று பன்னிரண்டு வருஷமாக அவன் காத்திருந்த விடுதலை அது. தலையை ஆட்டியிருந்தால் போதும். அன்று மாலையே ஊர் அவனை மேளத்தோடு அழைத்துப் போயிருக்கும். செம்பியன் காலைத் தொட்ட கையை உதறினான். நேராக ரத்தினம்மாளின் முன்னால் போய் நின்றான்.

"ஆத்தா, கேஸு நடந்தப்ப எங்க போயிருந்த? ஒனக்கு சம்மன் வரலியா?"

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. ரத்தினம்மாளின் ஆட்டம் சட்டென்று தளர்ந்தது. ராஜமாணிக்கம் தட்டுத் தடுமாறி எழுந்தான். முகத்தில் கண்ணீர். பாரம் இறங்கியவன் அழுகிற அழுகை அது. அதைக் கண்டதும்தான் செம்பியனுக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது.

"ஆமா மாப்ள. ஆத்தா எனக்குக் கூலி குடுத்துட்டா. நான் அனுபவிச்சிட்டேன். இத்தோட தீந்துச்சு."

"இன்னா தீந்துச்சு? ஒனக்கு சக்கர மச்சான். ரத்தக் கொதிப்பு. ஏம்மா பவானி, சொல்லு."

"மாத்திரய நிறுத்திட்டு மந்திரிச்ச தண்ணி குடிச்சாரு" என்றாள் பவானி, அண்ணனைப் பார்க்காமல். "அண்ணிதான் சொல்லி அழுதாங்க."

"கேட்டுக்கங்கய்யா. மாத்திர முழுங்கி இருந்தா இந்தக் கை விழுந்திருக்காது. அப்ப ஆத்தா இன்னா பண்ணியிருப்பா?" செம்பியன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து உயர்த்தினான். கறுத்து, வெந்து, ரேகை அழிந்த கைகள். "எங்கையும்தான் வெந்து போச்சு. அப்ப நானும் பொய் சொன்னவனா? எவன் கை விழுந்துச்சோ அவன் குத்தவாளின்னா, நாளைக்கு ஒங்கள்ல எவனுக்காவது வாதம் வந்தா அவனையும் ஜெயில்ல போடுவீங்களா?"

அவன் ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பினான்.

"மச்சான், நீ சாமிகிட்ட தண்டன வாங்கிகினு ஊட்டுக்குப் போயிடலாம்னு பாக்கற. அத நான் குடுக்க மாட்டேன். ஒன் தண்டன இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ராசம்மாள் வந்தாள். அன்று மண்ணை வாரித் தூற்றியவள். இன்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாத ஒரே ஊர்க்காரி அவள்தான். வரிசைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து ராஜமாணிக்கத்தின் எதிரில் நின்றாள்.

"இவன் வெக்கலன்னா, எம் புருசன எரிச்சது யாரு?"

கூட்டத்தில் ஒருவனுக்கும் தோன்றாத கேள்வி. செம்பியன் உத்தமனாகிவிட்டான், ராஜமாணிக்கத்துக்குக் கூலி கிடைத்துவிட்டது, ஆத்தா மலையேறப் போகிறாள். காத்தவராயனை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்.

ராஜமாணிக்கம் மறுபடி உட்காரப் போனான்.

"எங்க நின்னு பாத்த?" என்றாள் ராசம்மாள். "எத்தினி மணிக்கு? சொல்லுடா."

"நான் பாக்கல. முதலாளி சொல்லச் சொன்னாரு."

"தீ?"

"அவருதான் வெக்கச் சொன்னாரு. இன்சூரன்ஸுக்கு. நாந்தான் ஊத்துனேன்." குரல் இறங்கியது. "காத்தவராயன் உள்ள படுத்திருந்தது சத்தியமா எனக்குத் தெரியாது."

"சத்தியம் பண்ணாத" என்றான் செம்பியன். "சொல்லு, போதும்."

ராசம்மாள் ஓங்கி அறைந்தாள். யாரும் தடுக்கவில்லை. பிறகு அவள் செம்பியன் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. "வக்கீலு யாரயாவது தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டாள். அவனுக்கு வேண்டிய மன்னிப்பு அது ஒன்றுதான்.

கயல்விழியின் கேமரா எல்லாவற்றையும் எடுத்திருந்தது. மறுவாரம் கடலூரில் வக்கீல் முன்னால் ராஜமாணிக்கம் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து வாக்குமூலத்தில் வைத்தான். போலீஸில் ராசம்மாளே புகார் கொடுத்தாள். படியிறங்கும்போது ராஜமாணிக்கம் கேட்டான்:

"இப்பவாச்சும் மனசு ஆறுச்சா மாப்ள?"

"இல்ல" என்றான் செம்பியன். "நீ கோர்ட்டுல சொல்லு. ஒன்னையும் உள்ள போடட்டும். அப்பறம் யோசிக்கறேன்."

அவன் மனம் கல்லாகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஏழு வருஷம் கல்லுக்குள் போட்டு வைத்தவர்கள் பேசுகிற பேச்சு.

கதை முடியவில்லை. சிவகுரு முதலாளி தெம்பாகத்தான் இருக்கிறார். போலீஸ் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்து அனுப்பியது. வரும் ஆடி முதல் வெள்ளிக்கிழமை, மாரியம்மன் கோயில் வாசலில், ஊரறியக் கற்பூரம் அணைத்துத் தான் நிரபராதி என்று நிரூபிக்கப் போகிறாராம். பந்தல் போட ஆள் சொல்லியாகிவிட்டது. வருகிறவர்களுக்குக் கூழும் உண்டு.

அங்கே போங்கள். கூழைக் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் கை ஓங்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். ராசம்மாள் முன்வரிசையில் தனியாக நிற்பாள். அவள் பக்கத்தில் போய் நின்று, எரித்தது யார் என்று அவள் கேட்ட கேள்வியை அவளோடு சேர்ந்து நீங்களும் உரக்கக் கேளுங்கள்.