கிரைண்டருக்கு ஒரு தனி லைன்

நான். என் மனைவி சரோஜா. அவள் தங்கை வசந்தா. வசந்தாவின் வீட்டுக்காரர் மனோகர் — எனக்குச் சகலை. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூனா லோஹேகாவில், மனோகர் வாங்கின புது வீட்டின் காலி கராஜுக்குள் இந்த நாலு பேரும் நின்றோம்.

கார் இன்னும் வரவில்லை. புக் பண்ணியாச்சு. பக்கத்தில் தோட்டம். தோட்டம் என்றால் இப்போதைக்குக் கறுப்பு மண்ணும் ஒரு கொய்யாக் கன்றும். வீட்டுக்குள் வயரிங் எல்லாம் பில்டர் முடித்துக் கொடுத்து, இவர்கள் குடியும் வந்தாச்சு. கராஜுக்கும் தோட்டத்துக்கும் அவன் விட்டது ஒரே ஒரு பல்பு. மிச்சத்தை நான் பார்த்துச் சொல்லணும்.

ஏன் நான்? வாராவாரம் இந்தப் பத்தியில் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். முப்பது வருஷமா ஃபேக்டரியில் வயர்மேன். படிப்பு எட்டாவது. கரண்ட் விஷயத்தில் மட்டும் குடும்பத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேப்பரில் பிளான் போட மாட்டோம். வீட்டுக்காரங்களைக் கூடவே நடக்க வைப்போம். அவர்கள் கை காட்டுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. ஒரு குறி, ஒரு பாயிண்ட் — விளக்கோ, ஃபேனோ, பிளக்கோ. எதை எந்த லைனில் சேர்ப்பது, எதை அழிப்பது... அது வயர்மேன் முடிவு. அவன் அழித்தால் அழித்ததுதான்.

மனோகர் கை காட்டிக்கொண்டே போனார். காருக்கு மேலே ட்யூப் லைட். காருக்குள் தூசி உறிஞ்சுகிற மெஷினுக்கு ஒரு பிளக். கேட்டில் இரண்டு விளக்கு. தோட்டத்துச் சுவர் நெடுகப் பத்து. தோட்டத்துக்குத் தண்ணி விட ஒரு பம்ப். கொய்யாக் கன்றுக்குக் கீழே ஒரு விளக்கு.

கன்று என் முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்கு விளக்கு.

வயிறு எரிந்ததா? எரிந்தது. இரண்டு பேரும் ஒரே வருஷம் பூனாவுக்கு வந்தவர்கள். அவர் பேங்க், நான் ஃபேக்டரி. அவருக்கு மாடி வீடு. எனக்குக் கோர்படியில் குவார்ட்டர்ஸ். ரிட்டையர் ஆனால் அதையும் காலி பண்ணணும்.

ஆனாலும் கை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. தோட்டத்துக்கு இரும்புக் கவசம் சுற்றின ஆர்மர்ட் கேபிள்தான் போடணும், இரண்டடி ஆழத்தில் புதைக்கணும், மேலே மணல், மணலுக்கு மேலே செங்கல் என்றேன். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிற இடம். அதனால் அந்த லைனுக்குத் தனியா ஒரு ஈ.எல்.சி.பி. — எங்கே கசிந்தாலும் நொடியில் லைனைக் கட் பண்ணுகிற சாமான் — கட்டாயம் வேணும் என்றேன். அதிலெல்லாம் ஒரு குறை வைக்கவில்லை. நான் பொறாமைக்காரன்தான். கொலைகாரன் இல்லை.

வசந்தா எங்களைக் கராஜுக்குள் கூட்டிப் போய்ப் பின்பக்க மூலையைக் காட்டினாள்.

"இங்க ஒரு பவர் பாயிண்ட் வேணும் மாமா. தனி லைனா. பெரிய கிரைண்டர் போடப் போறேன்."

மாவு அரைத்து விற்கப் போகிறாளாம். சுற்றிலும் ஏர்ஃபோர்ஸ் குடும்பங்கள், நம்ம ஊர் ஆட்கள் நிறைய. வீட்டுக் கிரைண்டரிலேயே அரைத்து இப்போது பதினோரு வீட்டுக்குக் கொடுக்கிறாளாம். எங்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். என் காரைத் தெருவுல நிறுத்திட்டு மாவுக்கு ஷெட் போடறா பாருங்கண்ணா என்று மனோகர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தரையில் கரியால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாள், கிரைண்டர் அளவுக்கு.

நான் சரோஜாவைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. இதே ஆசை அவளுக்கும் இருந்தது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். குவார்ட்டர்ஸ் லைன் லோடு தாங்காது என்றேன். விட்டுவிட்டாள்.

தங்கைக்காரியிடமும் அதையே சொன்னேன்.

"லோடு தாங்காதும்மா."

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே ஒரு போர் விமானம். லோஹேகாவில் இது சகஜம். அது போகிற வரைக்கும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். போனதும், என்ன சொன்னீங்க மாமா என்று கேட்டாள். பொய்யை இன்னொரு தடவை சொல்ல வேண்டி வந்தது. இரண்டாம் தடவை இன்னும் நல்லாவே வந்தது. சிங்கிள் ஃபேஸ், மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்ட், லோட் ஷெட்டிங்கில் போன கரண்ட் திடீர்னு திரும்பி வந்தால் என்ன ஆகும்... எல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

அந்த மூலையில் குறி போடவில்லை.

நீங்க சொன்னா சரி மாமா என்றாள். செருப்புக் காலால் கரி வட்டத்தைத் தேய்த்துவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பினோம். கோர்படியில் இறங்கி நடக்கும்போது சரோஜா கேட்டாள்.

"அவ வீட்டு மாடியில கீசர் ஓடுது. கீசரைத் தாங்கற லைன் கிரைண்டரைத் தாங்காதா?"

சரியான கணக்கு. கீசர் இரண்டாயிரம் வாட். அந்த மோட்டார் ஒரு ஹெச்.பி. — இழுப்பது ஏறக்குறைய அதில் பாதி. இவள் ஃபேக்டரி வாசலைக்கூட மிதித்ததில்லை.

"தாங்கும்" என்றேன்.

பத்தடி நடந்தாள்.

"அப்ப எனக்குச் சொன்னதும் இப்படித்தானா?"

இல்லை. அது நிஜம். அந்தப் பழைய அலுமினிய வயரில் மோட்டார் ஓட்டியிருந்தால் ஒருநாள் போர்டே கருகியிருக்கும். சத்தியம் பண்ணிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பினாளா? தெரியவில்லை. இன்றைக்குச் சொன்ன ஒரு பொய், பன்னிரண்டு வருஷத்து உண்மையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அடுத்தவன் வீட்டைப் பார்த்து வயிறு எரியாதவன் யார்? எரியட்டும். ஆனால் டாக்டர், மெக்கானிக், வயர்மேன் — இவர்கள் வயிறு எரிகிற நேரத்தில் யோசனை சொல்லக் கூடாது. எது தொழில், எது எரிச்சல் என்று பிரித்துப் பார்க்க, யோசனை கேட்கிறவருக்குத் தெரியாது. தலையாட்டிவிடுவார்.

அடுத்த ஞாயிறு திரும்பப் போனேன். சரோஜாவைக் கூப்பிட்டேன். முதல்ல நீங்க போய் அவகிட்ட சொல்லிட்டு வாங்க என்றாள். தனியாகத்தான் போனேன்.

மனோகர் கராஜைத் திறந்துவிட்டார். நேராக அந்த மூலைக்குப் போய்க் குறி போட்டேன். மெயின் போர்டிலிருந்து தனி லைன். தடியான நாலு ஸ்கொயர் வயர், லோடு மீறினால் தானே விழுகிற இருபது ஆம்பியர் எம்.சி.பி., நல்ல எர்த். மாவு வழிக்கிற இடத்தில் நிழல் விழக் கூடாது. அதனால் அங்கே ஒரு ட்யூப். சூடு போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அவள் கேட்காத குறி அந்த இரண்டும்.

வசந்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"போன வாரம் தப்பா பார்த்துட்டீங்களா மாமா?"

அவளே வழி விட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சரியாத்தான் பார்த்தேன். தப்பா சொன்னேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. மனோகர் வாசல் கேட் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் ஒரு விமானமும் போகவில்லை.

பிறகு குறிகளை எண்ண ஆரம்பித்தாள். கராஜ், கேட், தோட்டம் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். பத்தொன்பது என்றாள்.

"இவ்வளவு எதுக்கு மாமா? உங்க வீட்டுல மொத்தம் எத்தனை பாயிண்ட்?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஆறு.