வியாழக்கிழமை வாய் திறந்த ஐயா

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சாமி ஐயா நான்கு மாதம் தங்கியிருந்தார். வரும்போது இரண்டு கிழமை என்றுதான் சொன்னார். கோயிலில் யாரோ அறிமுகப்படுத்தி வைக்க, அப்பா நின்ற நிலையிலேயே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒக்லாந்தின் புறநகரான பாபகூராவுக்கு வந்துவிட்டார். எங்களுடையது மூன்று அறை வீடு. அக்காவின் அறை ஐயாவுக்குப் போனது. அக்கா என் அறைக்கு வந்தாள், அவளுடைய புத்தகங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. அது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். ஐயாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டிலிருந்த ஒரே ஹீட்டரும் அவரோடு போய்விட்டதால், அவள் கம்பளி போர்த்திக்கொண்டு படித்தாள்.

ஐயா விரதக்காரர். வெள்ளிக்கிழமை சோறு தொடமாட்டார், இடியப்பம் மட்டும் சாப்பிடுவார். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் இடியப்பம் பிழிவார். இடியப்பமும் அரிசிதானே என்று ஒருநாள் கேட்டேன். "வாயை மூடு" என்று அம்மா அதட்டினார். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை, சிரிப்பை அடக்குகிறார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

வியாழக்கிழமை மௌன விரதம். அன்று ஐயா மடியிலிருந்து ஒரு பச்சைக் கொப்பியை எடுத்து, எழுதி, தாளைக் கிழித்து நீட்டுவார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி எழுந்து நின்று வாசிப்பார். "தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். அப்பா அதைத் தேவாரம் போல எங்களுக்கு வாசித்துக்காட்டிவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

இதையெல்லாம் இப்போது நக்கலாகச் சொல்கிறேனே தவிர, அப்போது நானும் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். கணக்குப் பரீட்சைக்கு முன் அவர் கையால் திருநீறு வாங்காமல் போனதில்லை.

அக்காவுக்கு நாட்டின் தென்கோடியிலிருக்கும் டனீடன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். ஐயா இரண்டு கிண்ணம் குடித்தார். பிறகு கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்துவிட்டு, "தெற்கு யமன்ர திசை. இந்த வருஷம் பிள்ளை அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக்கூடாது" என்றார்.

அப்பா உடனே தலையாட்டினார். அக்கா பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்று தமிழில் கேட்டாள்.

"பாபகூராவும் ஒக்லாந்துக்குத் தெற்குத்தானே. ஐயா எந்தத் திசையால வந்தவர்?"

அப்பா அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அக்கா இரவில் தலையணைக்குள் முகத்தை வைத்து அழுவது எனக்குக் கேட்கும். விடுதிக்குப் பதில் அனுப்பக் கடைசி நாள் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அதற்கு முந்தைய நாள் மாலை எங்கள் பள்ளிக்கூடத்தில் நாடகம். பல நூறு வருடங்களுக்கு முன் பிரான்சில் எழுதப்பட்ட ஒரு நகைச்சுவை நாடகத்தை ஆசிரியை எங்களுக்காகச் சுருக்கியிருந்தார். பக்திமானாக வேடம் போட்டு ஒருவன் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். வீட்டுத் தலைவர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். அவனுடைய லட்சணம் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. இந்த நாடகத்தை அந்தக் காலத்தில் மேடையேற விடாமல் தடுத்தார்களாம். கேட்டபோது எனக்கு எங்கள் வீடு ஞாபகமே வரவில்லை. அது பிரான்ஸ், பொய்முடி வைத்துக்கொண்ட வெள்ளைக்காரர்களின் கதை.

பெண்பிள்ளையாக இருந்தும் வேடக்காரன் பாத்திரம் எனக்கு வந்தது. ஒத்திகையில் நான் முழியை உருட்டிக் கோமாளித்தனம் செய்தேன். ஆசிரியை நிறுத்தினார். சிரிப்புக் காட்டாதே, உனக்குத் தெரிந்த உண்மையான பக்திமான் ஒருவரை நினைத்துக்கொண்டு அப்படியே செய் என்றார். எனக்குத் தெரிந்த உண்மையான பக்திமான் ஒருவர்தான்.

வியாழக்கிழமை மாலை அப்பா ஐயாவை முன்வரிசைக்கே அழைத்து வந்து, பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் கதிரையில் வெள்ளை வேட்டி விரித்து உட்கார வைத்தார். அம்மாவும் அக்காவும் பக்கத்தில். வீட்டுக்கு வந்து ஐயாவை வணங்கிப்போன நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் பின்னால்.

நான் ஐயாவைப் போலவே பெருமூச்சு விட்டு உட்கார்ந்தேன். கண்ணைப் பாதி மூடினேன். சால்வையை அவரைப் போலவே தடவினேன். அப்போது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வசனம் சட்டென்று மறந்துபோனது. ஜெபப் புத்தகமாகக் காட்ட, பேனா செருகிய என் வீட்டுப்பாடக் கொப்பி அங்கிக்குள் இருந்தது. அதை எடுத்து, இன்னும் கொஞ்சம் சீனி என்று ஆங்கிலத்தில் எழுதி, கிழித்து நீட்டினேன்.

வீட்டுத் தலைவராக நடித்தவன் என் வகுப்பிலிருந்த ஒரு சமோவாப் பையன். நாடகத்தில் தாள் எதுவும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் தடுமாறவில்லை. எழுந்து நின்றான். இரண்டு கையாலும் வாங்கினான். வேதம் ஓதுவது போல வாசித்தான். சீனி கொண்டுவராத மனைவியைப் பார்த்துக் கோபப்பட்டான். பிறகு தாளை மடித்து நெஞ்சுக்குப் பக்கத்துப் பையில் வைத்துத் தட்டிக்கொடுத்தான்.

தமிழ்க் குடும்பங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. அம்மா குனிந்து முந்தானைக்குள் சிரித்தார். ஐயா பச்சைக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதி அப்பாவிடம் நீட்டினார். அப்பா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, கையையும் நீட்டவில்லை. ஐயா கொஞ்ச நேரம் தாளைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"எழும்புங்கோ, போவம்" என்றார் பிறகு. வியாழக்கிழமை அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"இருங்கோ ஐயா. முடியட்டும்" என்றார் அப்பா, திரும்பாமலே.

மறுநாள் காலை, கதவைச் சாத்தச் சொல்வது போன்ற குரலில், விடுதிக்குப் பதில் அனுப்பும்படி அப்பா அக்காவிடம் சொன்னார். சனிக்கிழமை நகரின் மறுபக்கத்து வெஸ்ட்கேட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்து ஐயாவைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனது. ஒரு மகானின் விரதத்தை முறித்துவிட்ட பாவி நான் என்று பல மாதங்கள் சாமிப் படத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவைக் கேட்டால், சின்னவள் ஐயாவைப் போல நடித்துக்காட்டித்தான் அப்பாவின் கண்ணைத் திறந்தாள் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். அப்பா மறுத்ததில்லை.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நாடகம் முடிந்த அன்றிரவு நான் உடுப்பு மாற்றி வரத் தாமதமானதால் மற்றவர்கள் இன்னொருவரின் காரில் போய்விட்டார்கள். அப்பாவும் நானும் மட்டும்தான் எங்கள் காரில். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"தகப்பனா நடிச்ச பொடியன் எங்கட வீட்டுக்கு வந்திருக்கிறானோ?" என்று கேட்டார்.

"இல்லை அப்பா."

"என்னை எங்கயும் கண்டிருக்கிறானோ?"

"இல்லை."

"நீ அவனுக்கு வீட்டுக் கதை ஏதும் சொன்னனியோ? என்னைப் பற்றி?"

"ஒண்டும் சொல்லேல்லை அப்பா. சத்தியமா."

அப்பா "ஓம்" என்று மட்டும் சொன்னார். சாவியைத் திருகாமல் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். வீட்டு விஷயத்தை வெளியே விடாத பிள்ளை என்று என்னை மெச்சுகிறார் என்றே நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் சொல்லித்தான் அவன் அப்படி நடித்தான் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.