மரத்த விரலால் வாங்கிய மூன்று தலையணைகள்

ஒரு காலையில் பட்டிழை என் விரலுக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளே, நான் ஆரணியில் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) பிணைக்கிறவன். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியைச் சேர்த்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முறுக்கிவிட வேண்டும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான இழைகள். நாள் முழுக்கத் தலை குனிந்தே இருக்கும். இழை இருக்கிறதா, நழுவியதா என்று விரல்தான் சொல்லும். அன்று என் வலது கை விரல்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கழுத்து வலி அதற்கு முன்பே இருந்தது. தைலம் தடவிக்கொண்டு போய்விடுவேன். அது தப்பு. உங்கள் வீட்டில் யாராவது காலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்தால், மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

வேலூரில் எம்.ஆர்.ஐ. (காந்த சக்தியால் உடம்புக்குள் படம் எடுப்பது) எடுத்தார்கள். செர்விகல் ராடிகுலோபதி (கழுத்தெலும்பு தேய்ந்து, கைக்கு வரும் நரம்பை நசுக்குவது) என்றார் மருத்துவர். கட்டைவிரலை மடக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தார்.

"பலம் குறைஞ்சிருக்கு. மாத்திரை, பயிற்சியோட மூணு மாசம் பார்ப்போம். இன்னும் குறைஞ்சா ஆபரேஷன் பத்திப் பேசணும். பகல்லயும் கழுத்து வளையுது, தூங்கறப்பவும் வளையுது. தலையணைய மாத்துங்க. எப்படிப் படுப்பீங்க, மல்லாந்தா, ஒருக்களிச்சா?"

எனக்குத் தெரியவில்லை. என் மனைவி எஸ்தர்தான் சொன்னாள். "மல்லாந்துதான் படுப்பாருங்க. அப்பறம் பாத்தா வலப்பக்கம் சுருண்டுகினு, தலையணைய ரெண்டா மடிச்சி வெச்சிகினு கெடப்பாரு."

எந்தத் தலையணை என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இனி நான் செய்த முட்டாள்தனம். ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தலையணையே கூடாது என்றார் ஒருவர். பன்னிரண்டு நாள் வெறும் பாயில் படுத்தேன்; வலி முழங்கை வரை இறங்கியது. பிறகு இலவம் பஞ்சில் ஒன்று வாங்கினேன். காலையில் தலையைத் திருப்ப முடியவில்லை. அடுத்தது நைலான் பஞ்சு. மூன்றே வாரத்தில் அப்பளம் மாதிரி ஆனது. மூன்றாவது மெமரி ஃபோம் (அழுத்தினால் அமுங்கி, மெதுவாக எழும்பும் நுரை). அதில் தலை புதைந்து, கழுத்து அந்தரத்தில் நின்றது.

ஒவ்வொன்றையும் கடையில் அமுக்கி, தடவி, திருப்திப்பட்டுத்தான் வாங்கினேன். தொட்டுப் பார்த்தே பிழைக்கிறவன் வேறு எப்படி வாங்குவான்? இரண்டு மாதம் போய்விட்டது. கட்டைவிரலால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை.

எஸ்தர் மூன்று தலையணைகளையும் வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். "எப்படிங்க இந்தக் கல்லை வாங்கினீங்க?" என்று இலவம் பஞ்சைத் தூக்கிக் காட்டினாள்.

"கல்லா? மெத்துனுதான் இருந்துச்சு" என்று வலது கையால் அமுக்கிக் காட்டினேன். அப்போதும் மெத்தென்றுதான் இருந்தது.

அவள் என்னையே பார்த்தாள். "இடது கையால அமுக்குங்க."

கல்தான்.

"மரத்துப்போன கையால அமுக்கிகினு மூணு வாங்கியாந்திருக்கீங்க" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது? கடைக்காரன் மேலும் தப்பில்லை, மருத்துவர் மேலும் தப்பில்லை. நோய் எந்த விரலில் இருக்கிறதோ அந்த விரலிடமே யோசனை கேட்டிருக்கிறேன்.

மறுநாள் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி (உடற்பயிற்சியால் செய்யும் சிகிச்சை) தரும் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கை நல்லா இருந்தாலும் கையால பார்க்கக் கூடாதுங்க. உங்க பாயிலயே ஒருக்களிச்சுப் படுங்க. துண்டை மடிச்சு மடிச்சுத் தலைக்குக் கீழ வையுங்க. மூக்கும் நெஞ்சுக் குழியும் ஒரே கோட்டுல வரணும். அந்த உயரம்தான் உங்க உயரம். மெத்தைனா தோள் அமுங்கும், பாயில அமுங்காது. அதனால உங்களுக்குக் கொஞ்சம் கூடவே வேணும்."

துண்டின் நாலாவது மடிப்பில் கோடு சரியாக வந்தது. எஸ்தர் ஸ்கேல் வைத்து உயரத்தைக் குறித்துக்கொண்டாள். பாயைச் சுருட்டிக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம்.

"படுத்துப் பாக்கணுமா? இது கடைங்க, லாட்ஜ் இல்ல" என்றார் கடைக்காரர். "பேஜார் பண்ணாதீங்க. தல வெச்சதை நான் யாருக்கு விக்கறது?"

"பொடவை எடுக்க வர்றவங்க தோள்ல போட்டுப் பாக்கறாங்களா இல்லையா அண்ணே?" என்றாள் எஸ்தர். "அதை அப்பறம் யாரு கட்டறாங்க? மேல துண்டு போட்டுக்கறோம்."

கடைவீதியில் நாலு பேர் பார்க்கப் பாய் விரித்துப் படுத்தேன். வெட்கம்தான். ஆனால் மூன்று மாதத்தில் ஒரு மாதம்தான் மிச்சம். எஸ்தர் பக்கத்தில் குந்தி, "மூக்கு கீழ போவுது, எழுந்திருங்க" என்று இரண்டைத் தள்ளிவிட்டாள். மூன்றாவது லேடெக்ஸ் (ரப்பர் பாலில் செய்த நுரை). தலை வைத்த பிறகும் உயரம் நின்றது. மடித்து விட்டேன், உடனே நிமிர்ந்தது. மடித்தது மடித்தபடியே கிடந்தால் அந்தத் தலையணை செத்துவிட்டது என்று அர்த்தம். இதை வெயிலில் போடக்கூடாது, நிழலில் காற்றாட வைத்தால் போதும், உறையை மட்டும் துவைத்தால் நெடுநாள் உழைக்கும் என்றார் கடைக்காரர். "இன்னும் ரெண்டு நிமிஷம் படுங்க, பரவால்ல" என்று அவரே சொன்னார்.

அதையே வாங்கினோம். தலையணை மட்டும் நோயைத் தீர்க்கவில்லை. பயிற்சியும் செய்தேன், ஓய்வும் எடுத்தேன். காலை வலி முதலில் குறைந்தது. மூன்றாம் மாத முடிவில் மருத்துவர் கட்டைவிரலை இழுத்துப் பார்த்து, "இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம்" என்றார். ஆள்காட்டி விரல் இன்னும் பாதி மரத்துத்தான் இருக்கிறது. அது முழுதாகத் திரும்பும் என்று அவர் சொல்லவில்லை. நானும் உங்களிடம் சொல்லமாட்டேன்.

மறுபடி பாவு பிணைக்கிறேன். ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் ஆகிறது. விரல் சொல்லாததைக் கண் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒரு தறிக்காரர், "இன்னாண்ணே, பாதியில எழுந்துகினே? ஜல்தி முடிண்ணே, தறி சும்மா நிக்குது" என்றார்.

முன்பு யாராவது அப்படிச் சொன்னால் இன்னும் குனிவேன்.

"கழுத்துக்கு நேரமாச்சுப்பா" என்றேன். சுவரில் முதுகைச் சாய்த்து, தலையை நிமிர்த்தி நின்றேன். பிணைக்காத இழைகள் பாதிப் பாவில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் டீ வாங்கிவரப் போனார்.